நல்ல வளர்ப்பு

பஞ்சுக் குச்சியை அவள் தேவைக்கு மேல் ஒரு நெல்லளவு மூக்குக்குள் விட்டாள்.

உலகம்மாள் மதினிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரி பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா எடு தாயி. எனக்கும் ஒழுகத்தான செய்யுது."

புருஷனின் அக்கா வாயிலிருந்து இதுவரை 'ஏளா'தான் வந்திருக்கிறது. இன்று தாயி.

அக்கறையில் எடுக்கிறாள் என்று மதினி நினைத்துவிட்டாள்.

நினைக்கட்டும்.

உள்ளே குழந்தைகள் வார்டில் அவள் மகன் கிடந்தான். கைக்குழந்தை. மூச்சுக்கு மூச்சு விலா குழிந்தது. மூக்கில் ஆக்ஸிஜன். பால் குழாய் வழியே.

போன வாரம் அவனைக் குளிப்பாட்டியது மதினி. பிள்ளை குளிப்பாட்ட அந்தத் தெருவிலேயே மதினியை விட்டால் ஆளில்லை என்று பெயர். காலை நீட்டிப் போட்டு, எண்ணெய் தேய்த்து, கைகால் உருவி, கடைசியில் பிள்ளையின் மூக்கில் வாய் வைத்து ஊதினாள். சளி வெளியே வந்துவிடுமாம். ஊதியவளின் மூக்கே அப்போது ஒழுகிக்கொண்டிருந்தது.

அவளும் பக்கத்தில்தான் நின்றாள். துண்டை ஏந்திக்கொண்டு.

பிள்ளையை வார்டில் சேர்த்த அன்று மதினி தீர்ப்புச் சொன்னாள். வார்டு முழுக்கக் கேட்டது.

"தலைக்கு ஊத்திட்டு ஈரத் தலையோட பால் குடுத்திருக்கா. பிள்ளைக்குச் சளி கட்டாம சக்கரையா கட்டும்?"

பக்கத்துக் கட்டில்காரிகள் அவள் தலைமுடியைப் பார்த்தார்கள்.

புருஷனும் பார்த்தான்.

அப்போதே முடிவெடுத்துவிட்டாள்.

அதே மருத்துவக் கல்லூரியில் வைரஸ் ஆய்வகத்தில்தான் அவளுக்கு வேலை. பி.சி.ஆர். சோதனை போட்டால் மாலைக்குள் வைரஸின் பெயர் வந்துவிடும். வந்தும்விட்டது. ஆர்.எஸ்.வி. பெரியவர்களுக்கு அது வெறும் ஜலதோஷம். பச்சைப் பிள்ளைக்கு நெஞ்சை அடைக்கும்.

ஆனால் சீட்டில் அடித்த மூன்று எழுத்தையா மதினி நம்பப்போகிறாள்?

கண்ணால் பார்க்க வேண்டும். உயிரோடு பார்க்க வேண்டும். மகன் மூக்கிலிருந்து ஒரு புட்டி, மதினி மூக்கிலிருந்து ஒரு புட்டி. இரண்டிலும் அதே பூதம் முளைக்க வேண்டும்.

குழந்தை டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"கல்ச்சர் வர்றதுக்குள்ள பிள்ளை வீட்டுக்கே போயிருமேம்மா. ட்ரீட்மென்ட்டுக்கு அது எதுக்கு?"

"ட்ரீட்மென்ட்டுக்கு இல்ல சார்."

உடம்பை விட்டு வந்தால் சீக்கிரமே செத்துப்போகிற வைரஸ் அது. ஐஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி ஓடினாள். மகனைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு ஓடியதற்கு அடுத்தபடியாக, அவள் வாழ்க்கையிலேயே ஓடிய பெரிய ஓட்டம் அது.

கல்ச்சர் என்கிற இந்த வேலைக்குத் தமிழில் வளர்ப்பு என்று பெயர்.

வளர்த்தாள்.

புட்டியின் அடியில் பாய் விரித்தாற்போல் படிந்திருந்த உயிரணுக்களின் மேல் மூக்கில் எடுத்த சளியை விட்டாள். உடம்புச் சூட்டில் வைத்தாள். வேளை தவறாமல் தீனி மாற்றினாள். மகனுக்குக் குழாயில் சொட்டுச் சொட்டாகப் பால். இதற்குக் கன்றுக்குட்டியின் ரத்தச் சீரம். விருந்துதான்.

மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். ஒன்றும் இல்லை.

மறுநாளும் ஒன்றும் இல்லை.

"தங்கமே, பிழைச்சுக்கோடா," என்று புட்டியைப் பார்த்துக் கெஞ்சினாள்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. காலையில் வார்டில் சொல்லிவிட்டு வந்ததும் இதே வார்த்தைதான்.

மகன் முந்திக்கொண்டான். ஆக்ஸிஜனைக் கழற்றினார்கள். பால் குடித்தான். ஈறால் கடிக்கவும் கடித்தான்.

அதன் பிறகுதான் முளைத்தது.

இரண்டு புட்டியிலும்.

பக்கத்துப் பக்கத்து உயிரணுக்களின் சுவரையெல்லாம் இடித்து ஒரே பெரிய வீடாக்கிவிடுவது இந்த வைரஸின் வழக்கம். எல்லாரும் ஒன்றாக இருந்து ஒன்றாகச் சாவார்கள். கூட்டுக் குடும்பம். அவள் தனியாக நின்று சிரித்தாள்.

போனில் இரண்டு படம் எடுத்தாள். படி இறங்கும்போதே வசனத்தை ஒத்திகை பார்த்தாள். வார்டில் புருஷன் இருந்தான். பக்கத்துக் கட்டில்காரிகள் இருந்தார்கள். சபை நிறைந்துதான் இருந்தது.

"மதினி, இது பிள்ளை மூக்குல இருந்தது. இது உங்க மூக்குல இருந்தது. ரெண்டும் ஒண்ணுதான். நான் தலைக்கு ஊத்துனதுல வந்தது எங்க இருக்கு, நீங்களே காட்டுங்க."

புருஷன் மின்விசிறியைப் பார்த்தான்.

மதினி போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். விரலால் படத்தை லேசாகத் தொட்டாள். படம் பெரிதாகிவிட்டது. பயந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"அப்ப, நாந்தான் ஊதி உள்ள அனுப்பிட்டேனா?"



ஒத்திகையில் இந்த இடம் இல்லை.

மதினி எழுந்து கதவோரம் போய்த் தரையில் உட்கார்ந்தாள். முந்தானையை மூக்கோடு சேர்த்து இழுத்துப் பொத்திக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டபோதும் எழவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூட்டை கட்ட வேண்டும். பிள்ளை இறக்கிவிட்டால் அழுகிறான். புருஷன் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தான்.

அவள் கதவோரம் போய்ப் பிள்ளையை மதினியின் மடியில் வைத்தாள்.

"வேண்டாம்ளா. எங்கிட்ட குடுக்காத."

"பிடிங்க மதினி."

மதினி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. மூச்சை அடக்குகிறாள் என்று தெரிந்தது. முடியாதபோது சுவரைப் பார்த்து மூச்சை விட்டாள். மறுபடி அடக்கினாள். பிள்ளை அவள் காதைப் பிடித்து இழுத்தான். திரும்பவில்லை.

மதினிக்குச் சளி நின்று எத்தனையோ நாளாகிவிட்டது. பெரியவர்கள் உடம்பில் அது அவ்வளவு காலம் தங்குவதில்லை. இப்போது திரும்பலாம். பிள்ளையைப் பார்க்கலாம். தாராளமாக மூச்சு விடலாம்.

அந்த வார்டில் அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

சொல்லலாம்.

பிள்ளையின் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் மடித்து முடித்தாள். ஒன்றை மறுபடி பிரித்தாள். சுருக்கம் நீக்கி, மெதுவாக மடித்தாள்.