மூன்று வரி ஊசித்துளை

"மூச்சை உள்ளை இழுக்காதை பிள்ளை, சாதாரணமா நில்" என்றாள் நாடக அரங்கில் உடுப்புத் தைக்கும் உதயகுமாரி, உதட்டில் குண்டூசியோடு.

சாருகா கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். வயது பத்தொன்பது. ஒஸ்லோவிலேயே பிறந்து, ஐந்து வயதிலிருந்து பலே ஆடுகிறவள். ஜேர்மன் படைகள் நோர்வேயைப் பிடித்து வைத்திருந்த காலத்தைப் பற்றிய புது பலே நாடகத்தில் அவளுக்குத்தான் முதன்மைப் பாத்திரம். மேடையேற இன்னும் ஆறு கிழமை இருந்தது. உடம்பில் பழுப்பேறிய வெள்ளை உடுப்பு. இடுப்பில் அது மறுபடியும் தொளதொளத்தது.

"மூண்டு கிழமையிலை மூண்டாந்தரம் ஒடுக்கிறன். நீ சாப்பிடுறனியோ?"

"ஓம் அன்ரி. மாத்பக்க கொண்டு வந்தனான்."

தாய் கட்டிக் கொடுத்துவிட்ட அந்த மத்தியானப் பாண் பொட்டலம், பிரிக்கப்படாமலே குப்பை வாளிக்குள் கிடந்ததை உதயகுமாரி கண்டிருந்தாள். போன கிழமை ஒத்திகையில் இவள் மயங்கி விழுந்ததும், அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ என்று எல்லாரையும் கெஞ்சியதும் அவளுக்குத் தெரியும். கேட்டால் மட்டும் ஓம் அன்ரி! கன்னத்தில் ஒன்று போடலாம் போலிருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இப்படியே போனால் இந்தப் பிள்ளை மேடைக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்குத்தான் போவாள்.

இடுப்பருகே துணியைப் பிடித்து ஊசி குத்தப்போனவள் சட்டென்று நின்றாள்.

"என்ன அன்ரி?"

"இஞ்சை பார். திரும்பவும்."

சாருகா குனிந்து பார்த்தாள். அவளுடைய இடுப்பளவு எங்கே முடிந்ததோ, சரியாக அந்த இடத்தில், மேலிருந்து கீழாக ஒரு வரி ஊசித்துளைகள். முதற்கிழமை ஒடுக்கிய இடத்திலும் அப்படி ஒரு வரி இருந்தது. இரண்டாம் கிழமையும் இருந்தது.

"ஆர் குத்தினது?" அவள் குரல் இறங்கிவிட்டது.

"இது களஞ்சியத்திலை கிடந்த உடுப்பெல்லோ. யுத்த நேரம் தைச்சது, பரசூட் துணி. இதைப் போட்டு ஆடினவளின்ரை பேர் இங்கெபோர்க். உன்ரை வயசுதான். பங்கீட்டுச் சாப்பாடு, அதுவும் ஒழுங்கா வராது. வந்ததையும் பசிக்கேல்லை எண்டு தள்ளிவிடுவாளாம். இடுப்பு இறங்க இறங்க ஒடுக்கியிருக்கினம். வெள்ளை நூலுக்கு அப்ப எங்கை போறது? கையிலை இருந்த நீல நூலாலைதான் தைச்சவையாம். பிறகு நூலை உருவியாச்சு. ஓட்டை மட்டும் மிச்சம்."

"அதெப்பிடி என்ரை அளவிலை?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. இம்மியும் பிசகேல்லை, பார்."

வெளியே டிராம் ஒன்று கிரீச்சிட்டுத் திரும்பியது. சாருகா திடுக்கிட்டாள்.

"இதுக்கு உள்ளை இன்னொரு வரி இருக்கோ அன்ரி?"

"இல்லை. இதுதான் கடைசி."

"அப்ப அதுக்குப் பிறகு?"

"நாலாந்தரம் அளவெடுக்க ஆள் வரேல்லை."

சாருகா அவசரமாக உடுப்பைக் கழற்றிப் போட்டாள். உதயகுமாரி தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தாள். புட்டும் மீன்குழம்பும். சாருகா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

ஒரு மாதம் போனது. சாருகாவின் தாய் சிவநாயகி தொலைபேசியில் வந்தாள்.

"உதயக்கா, என்ரை பிள்ளை சாப்பாட்டுக் கோப்பையை நீட்டி இன்னும் சோறு கேக்கிறாள்! எல்லாம் நீங்கள் சொன்ன கதையாலை. மெய்யாவே அது செத்தவளின்ரை உடுப்போ? எனக்கு நெஞ்சு பதறுது."

"உனக்கென்ன விசரே? தை மாதம் நான் தைச்சது. புதுத் துணி. பழசு மாதிரி இருக்கட்டும் எண்டு குறொன்லாண்ட் பக்கத்துக் கடையிலை தேயிலை வாங்கி, அந்தச் சாயத்திலை ஊறப்போட்டனான். இங்கெபோர்க்கும் இல்லை, ஒருத்தியும் இல்லை."

"அப்ப அந்த ஓட்டையள்?"

"ஒவ்வொரு கிழமையும் செவ்வாய் அளவெடுத்து, புதன் ஊசியாலை குத்தி, வியாழன் காட்டினனான்."

"அட கோதாரி!" சிவநாயகி அழுகையும் சிரிப்புமாக நன்றி சொல்லிவிட்டு வைத்தாள்.

உதயகுமாரிக்குச் சிரிப்பு வரவில்லை. கதை முழுக்கப் பொய்யில்லை. 2009இல், வன்னியில், பதுங்குகுழிக்குள் இருந்து, தங்கச்சி ஆரணியின் வெள்ளைப் பாவாடையை மூன்று தரம் ஒடுக்கியவள் அவள். கையில் இருந்தது நீல நூல் மட்டும்தான். "எனக்குப் பசிக்கேல்லை அக்கா" என்று ஆரணி தன் பங்குக் கஞ்சியையும் இவள் பக்கம் தள்ளிவிடுவாள். இவளும் அதை நம்பிக் குடித்தாள். நாலாந்தரம் ஒடுக்க ஆரணி இருக்கவில்லை. இதை அவள் ஒஸ்லோவில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உடுப்பை எடுத்தாள். சாருகாவுக்கு இப்போது இடுப்பு பிடிக்கிறதாம். முதலில் தைத்த அளவுகூடப் போதாது, இன்னும் வெளியே விட்டுத் தைக்க வேண்டும். உள்ளே மடித்துவிட்டிருந்த துணியை விரித்து, அன்று காலை எடுத்த புது அளவை அதில் பிடித்தாள்.

அளவு முடிந்த இடத்தில், அவள் குத்தாத நாலாவது வரி ஊசித்துளைகள் இருந்தன. கடைசித் துளையில், இந்த உடுப்புக்கு அவள் கையிலேயே எடுக்காத நீல நூல் அரை விரல் நீளத்துக்குத் தொங்கியது.