பட்டையும் சிலுவையும்

கூடத்தில் இருந்தவர்கள்: மாமனார் கந்தசாமி, மாமியார் கொளஞ்சியம்மாள், கணவன் தமிழரசன், குற்றவாளியாக மருமகள் இலக்கியா.

"போன மாசம் அரிசி மாவுல, அடுப்பங்கரை செவுத்துலன்னு மூணு மூணு கோடா போட்டுக்கினு இருந்தா. திருநீத்துப் பட்டைன்னு தெரு முழுக்கப் பெருமை பேசினேன். இப்ப எங்க பாத்தாலும் சிலுவை! எதிர்வூட்டுக்காரி மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?" கொளஞ்சியம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

"இன்னாடி, மதம் மாறிட்டியா?" என்றான் தமிழரசன். பாயில் புரண்டு செல்போன் பார்ப்பது தவிர அவனுக்கு வேறு வேலை கிடையாது.

இலக்கியா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சிலுவைதான் வேணும்னா இந்த வூட்ல எடமில்ல. கெளம்பு!" என்றார் கந்தசாமி.

அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவள் போல உள்ளே போனாள். ஏற்கெனவே கட்டி வைத்திருந்த பெட்டியோடு வாசலைத் தாண்டித் திரும்பினாள்.

"ஜப்பான் எழுத்துல மூணு கோடுன்னா மூணு, அத்த. சிலுவை மாதிரி போட்டா பத்து. அங்க தேதி, விலையெல்லாம் இப்பிடியும் எழுதுவாங்க. அங்க வயசானவங்களப் பாத்துக்கற வேலை கெடைச்சிருக்கு, அதுக்குத்தான் எழுதிப் பழகினேன். சொல்லியிருந்தா வுட்டிருப்பீங்களா?"

"ஐயையோ, அப்ப எங்கள யாருடி பாத்துக்கறது?" கொளஞ்சியம்மாள் எழுந்து ஓடிவந்தாள்.

இலக்கியா கதவைச் சாத்தி, வெளியே நாதாங்கியை மாட்டிப் பூட்டினாள்.