ஜன்னலை மறைத்த மலை

“ரயில் ஒரு சாண் உயரம்கூட இல்ல. அதுக்கு எதுக்குங்க ஆளுயர மலை?”

தையல்காரி இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். புருஷன் காதில் வாங்கினால்தானே! பழைய பேப்பரைக் கிழித்து, பசையில் தோய்த்து, கம்பி வலைமேல் ஒட்டிக்கொண்டிருந்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பொம்மை ரயில் என்றால் உயிர். இதுவரை எல்லாம் ஒரு மேஜைக்குள் அடங்கியிருந்தது. வட்டமாகத் தண்டவாளம், ஒரு ஸ்டேஷன், ஒரு பாலம். போனால் போகிறதென்று அவளும் விட்டிருந்தாள்.

போன மாதம் திடீரென்று மலைப்பாதை போடப் போகிறேன் என்றான். வீட்டில் வேறு இடமே இல்லாத மாதிரி, அவள் தையல் மெஷின் இருந்த ஜன்னலோரத்தில் கொண்டுபோய் மேஜையைப் போட்டான். மெஷின் ஹாலுக்குப் போனது.

“ஹால்ல வெளிச்சம் இன்னும் நல்லாவே வருது” என்றான்.

வருகிறதுதான். ஆனால் பன்னிரண்டு வருஷமாக அவள் மெஷினை மிதித்துக்கொண்டே உலகத்தைப் பார்த்தது அந்த ஜன்னல் வழியாகத்தானே? நடுவில் குறுகலான சந்து. அதைத் தாண்டினால் எதிர் வீட்டு டீச்சரின் பால்கனி. பாவம், டீச்சருக்கு ஆறு மாதமாகப் புற்றுநோய் வைத்தியம். தினமும் ரெண்டு வார்த்தை விசாரிக்காவிட்டால் இவளுக்கு மனசு கேட்காது.

சரி, மலையாவது அழகாக வந்ததா? அதுவும் இல்லை. சுரங்கப்பாதை கோணல். மரமெல்லாம் அடிவாரத்தோடு சரி. உச்சி வெறும் பேப்பர். ஒரு சிக்னல் கம்பத்துக்கு மூன்று நாள் பெயிண்ட் அடிக்கிற மனுஷன் செய்கிற வேலையா இது?

ஒருநாள் அவளைக் கூப்பிட்டான்.

“உன் ஸ்டூலைப் போட்டு உட்காரு. என்ன தெரியுது?”

“மலை.”

“எழுந்து நில்லு. இப்போ?”

“மலை. அதுக்கு மேல டீச்சர் வீட்டுக் கொடிக்கயிறு.”

அவன் முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் மலை இன்னும் அரையடி ஏறியிருந்தது.

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ரயில் கீழே ஓடுகிறது, இவர் மேலே மேலே கட்டிக்கொண்டு போகிறாரே! அக்காவுக்கு போன் போட்டாள்.

“உன்னை ஜன்னல் பக்கம் நிக்க விடக்கூடாதுன்னு பண்றார்டி. சந்தேகம் வந்துடுச்சு” என்று அக்கா எரிகிறதில் எண்ணெய் ஊற்றினாள்.

“சந்தேகமா? எதிர்ல இருக்கிறது டீச்சர் மட்டும்தானேக்கா!”

“அப்போ அந்த டீச்சர் மேல அவருக்கு ஒரு கண்ணோ என்னவோ.”

“கண்ணு இருந்தா எதுக்குக்கா மறைக்கணும்?”

“அதுவும் சரிதான்” என்று அக்காவும் குழம்பிப்போனாள்.

சனிக்கிழமை காலை அவன் வேலைக்குக் கிளம்பியதும் இவளுக்குப் பொறுமை போய்விட்டது. என் ஜன்னல், எனக்கே இல்லையா? கத்தரிக்கோலை எடுத்தாள். உச்சியில் காய்ந்த பேப்பரை வெட்டி, கம்பி வலையை நெம்பி விலக்கினாள். முகம் நுழைகிற அளவு ஓட்டை. ஜில்லென்று காற்று வந்தது. அப்பாடா!

எட்டிப் பார்த்தாள்.

எதிர் பால்கனியில் டீச்சர் நாற்காலி போட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். தலையில் ஒரு முடி இல்லை. துணியும் கட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவரை இப்படி நிம்மதியாகப் பார்த்து எத்தனை மாசமாச்சு! இவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“டீச்சர்! எப்படி இருக்கீங்க? முடி முளைக்க ஆரம்பிச்சிடுச்சா?”

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு எழுந்தார். நாற்காலி சாய்ந்தது. பால்கனிக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

இவள் திகைத்துப்போய்த் திரும்பினாள். மறந்துபோன ஸ்பேனரை எடுக்க வந்த புருஷன் அறை வாசலில் நின்றிருந்தான். கத்துவான் என்று நினைத்தாள். அவன் கத்தவில்லை.

“நான் அக்கறையாத்தானேங்க கேட்டேன்...”

“தினமும் அக்கறையாத்தான் கேட்டே. உன் மெஷின் சத்தம் கேட்டாலே அவங்க உள்ளே போயிடுவாங்க. நீ கடைக்குப் போற நேரம் பார்த்துத்தான் வெயிலுக்கு வருவாங்க. லீவுல வீட்ல இருந்தப்போ பார்த்தேன்.”

டீச்சரிடம் தினமும் என்னவெல்லாம் கேட்டோம் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து, அவளுக்கு உடம்பே கூசியது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா அன்னிக்கே ஓடிப்போய் மன்னிப்பு கேட்டு, அதையும் ஒரு மணி நேரம் பேசிட்டு வந்திருப்பே.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி, ஜன்னலைச் சாத்தியிருந்தா போதாதா? ஒரு திரை போட்டிருக்கலாமே? ஒரு மாசமா எதுக்கு இந்தப் பாடு?”

அவன் ஒரு பேப்பரைப் பசையில் தோய்த்து ஓட்டையின்மேல் வைத்து அழுத்தினான்.

“இத்தனை வருஷமா திறந்திருந்த ஜன்னலைச் சாத்தினா, ‘நம்ம தலையைப் பார்க்கப் பிடிக்காமத்தான் சாத்திட்டாங்க’ன்னு அவங்க மனசு ஒடிஞ்சிடும். மலையைக் கட்டி வச்சா, ‘அந்த வீட்டு ஆளுக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சு’ன்னுதானே நினைப்பாங்க? நினைச்சுட்டுப் போகட்டும்.”