பதினோரு மில்லிமீட்டர் அப்பா

நிபுணர், குழந்தை வரைந்த படத்திலிருந்த அப்பாவின் உச்சந்தலையில் ஸ்கேலை வைத்துப் பாதம் வரை அளந்தார்.

"பதினோரு மில்லிமீட்டர்" என்றார், ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்லும் குரலில்.

மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நிஜ அப்பா, ஐந்தடி ஏழு அங்குலம், நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சுருங்கினான்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஏழு வயது மகள் அம்மாவோடு இருக்கிறாள். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும், அதுவும் அந்த வீட்டு முன்னறையில் வைத்து, மகளைப் பார்க்க அனுமதி.

வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை ராத்திரி, அவள் தன்னோடு தங்க வேண்டும் என்று கேட்டிருந்தான். குழந்தையின் மனதைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று நீதிமன்றம் நிபுணரிடம் அனுப்பியிருந்தது.

குழந்தைகளின் படங்களை வாசிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. இதை அவரேதான் சொன்னார். சுவரிலிருந்த பதினாலு சான்றிதழ்களும் ஆமாம் போட்டன.

குழந்தையிடம் எதையும் கேட்கக் கூடாது, கோடுதான் பேச வேண்டும் என்பது அவருடைய முறை. ஆகவே குழந்தை வெளியே பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருந்தது. கோடு உள்ளே பேசிக்கொண்டிருந்தது, நிபுணரின் குரலில்.

"பாருங்க சார். மரம் பெருசு. ஸ்கூட்டர் பெருசு. வாசல்ல படுத்திருக்கே நாய், அதுகூட உங்களைவிட நாலு மடங்கு. பிடிச்சதைத்தான் குழந்தைங்க பெருசாப் போடுவாங்க."

அந்த நாயை அவனுக்குத் தெரியும். மகளையே ஒரு தடவை கடிக்கப் பாய்ந்த நாய். அதற்கே நாலு மடங்கு.

"அடுத்தது மூஞ்சி. கண்ணு, மூக்கு, வாய் ஒண்ணுமில்ல. மொத்தமா கறுப்பு. மனசு உங்களை அழிச்சிடுச்சு. அப்புறம் இந்தக் கோடுங்க. தாள் முழுக்க, மேலேருந்து கீழ ஏழு கோடு. கூண்டு சார், கூண்டு. உங்ககூடத் தங்குறதை நெனச்சாலே அவளுக்கு ஜெயில் மாதிரி இருக்கு."

எழுத்து கண்ணுக்குத் தெரியாதவர்கள்தான் கண் பரிசோதனைப் பலகையின் கடைசி வரியை உரக்கப் படிப்பார்கள் என்று இருபது வருடக் கடை அனுபவத்தில் கற்றவன் அவன். ஆனால் பதினாலு சான்றிதழ்களுக்கு முன்னால் அந்த அறிவெல்லாம் எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது.

அவன் மகளுக்கென்று வாங்கி வைத்த சின்னப் பல் பிரஷை நினைத்துக்கொண்டிருந்தான்.

அவன் குளியலறைக் குவளையில், அவனுடைய பிரஷுக்குப் பக்கத்தில், உறை பிரிக்காமல் எட்டு மாதமாக நிற்கிறது. உறையில் 'நான்கு முதல் ஆறு வயது வரை' என்று போட்டிருந்தது. போன மாதம் அவளுக்கு ஏழு முடிந்துவிட்டது. அடுத்த அளவு ஒன்று வாங்கி வைத்துவிட வேண்டியதுதான் என்று இன்று காலையில்கூட நினைத்திருந்தான். இனி வேண்டியிருக்காது.

நிபுணர் அறிக்கையின் மூன்றாம் பத்தியை எழுதி முடித்து அடிக்கோடும் போட்டார்.

கதவு திறந்தது.

"ஆன்ட்டி, என் ரப்பரை இங்கயே விட்டுட்டேன்."

அவளைப் பார்த்ததும் அவனுக்கு முறையும் மறந்தது, நிபுணரும் மறந்தார்.

"குண்டூசி, அப்பாமேல கோவமாடா?"

"எதுக்கு?"

"இவ்ளோ சின்னதாப் போட்டிருக்கியே."

அவள் படத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். இந்த ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது போல ஒரு பெருமூச்சு விட்டாள்.

"தூரத்துல போறல்ல? தூரத்துல போனா சின்னதாத்தான் தெரியும். கண்ணாடிக் கடை வச்சிருக்க, இதுகூடத் தெரியாதா? இன்னும் சின்னதா ஆவ. அதுக்குள்ள பஸ் வந்து மறைச்சிடும்."

நிபுணர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் முறையைத் தானே மீறினார்.

"இந்தக் கோடெல்லாம் என்னம்மா?"

"ஜன்னல் கம்பி, ஆன்ட்டி."

"சரி, மூஞ்சி எங்கடா?" என்றான் அவன்.

"அது முதுகுப்பா. கறுப்பா இருக்கிறது முடி. நீதான் திரும்பவே மாட்டியே."

ரப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு வருடம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்டைச் சாத்தியதும் பல்லைக் கடித்துக்கொண்டு, விறைப்பாக, பஸ் நிறுத்தம் வரை திரும்பிப் பார்க்காமல் நடப்பான். தன் கண்ணை அவள் பார்த்துவிடக் கூடாது. அதை ஒரு பெரிய வீரமாகவே நினைத்துக்கொண்டிருந்தான். எப்படியும் மூன்றாவது வீட்டைத் தாண்டுவதற்குள் அவள் டிவி முன்னால் போய் உட்கார்ந்திருப்பாள் என்றும் தனக்குத்தானே சொல்லிக்கொள்வான்.

நிபுணர் அறிக்கையை இழுத்துக்கொண்டார். மூன்றாம் பத்தியை அழிக்க, வெள்ளை மைக் குப்பியை எட்டி எடுத்தார்.

அப்போதுதான் இவ்வளவு நேரமும் அவர் முழங்கை ஊன்றியிருந்த படத்தின் மூலை அவன் கண்ணில் பட்டது.

அங்கே, இரண்டு கம்பிகளுக்கு நடுவே, தெருப்பக்கம் நீட்டிய ஒரு சின்னக் கை. ஐந்து விரலும் விரிந்திருந்தன.