குரல்காரி

"பாப்பாவோட கதைப் பக்கம் பிரவுசர்ல கணீர்னு பேசுதுக்கா. அதே பக்கத்தை நம்ம ஆப்புக்குள்ள கொண்டுவந்தா வாயே திறக்க மாட்டேங்குது," என்றான் கணவன், லேப்டாப்புக்கும் போனுக்கும் நடுவே தலையைப் பிடித்துக்கொண்டு.

"ஆப்பு உனக்கே ஆப்பு வச்சிடுச்சாடா?" என்று சிரித்தாள், இரண்டு நாள் இருந்துவிட்டுப் போக வந்திருந்த நாத்தனார்.

துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த மனைவிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வாயைத் திறக்காமலே போகட்டும்.

"ஆப்புக்குள்ள, யாராவது விரல் வச்சுத் தொடுற வரைக்கும் பக்கம் தானாச் சத்தம் போடக்கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடு. பாப்பா படுத்துக்கிட்டுத் திறந்த உடனே கதை தானா ஆரம்பிக்கணும்னு பாக்கிறேன்."

"ஒருதடவை தொட்டா குழந்தைக்குக் கை தேஞ்சிடுமா?"

"தொட ஆரம்பிச்சா விளையாட ஆரம்பிச்சிடுவா. அப்புறம் எங்க தூங்குறது?" போனின் மூலையைக் காட்டினான். "சோதிச்சுப் பாக்க இங்க ஒரு குட்டிப் பொத்தான் வச்சிருக்கேன். அவளுக்குத் தெரியாது."

பொத்தானைத் தொட்டான். குரல்காரி வந்துவிட்டாள்.

அந்தக் குரலுக்கு மனைவி மனதுக்குள் வைத்திருந்த பெயர் அது. கரடிக்கு ஒரு குரல், முயலுக்கு ஒன்று, நிலாவுக்கு வேறொன்று. கதை முடிகிற இடத்தில், தடுக்கி விழுந்தது போல ஒரு சிரிப்பு. அதைக் கேட்டதும் கணவனின் முகம் தளர்ந்ததை அவள் பார்த்தாள். அவளைப் பார்க்கும்போது அதே முகம் இப்போதெல்லாம் ஜாக்கிரதையாகிவிடும், கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிறவன் மாதிரி.

அந்தச் சிரிப்பு எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். எதிரொலி விழக்கூடாதென்று துணி அலமாரிக்குள் முழங்கால் முட்ட உட்கார்ந்து, இரண்டு தலைக்கும் சேர்த்து ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு பதிவு செய்தது. அவன் தும்மலை அடக்கப் படாதபாடு பட, குரல்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மடித்த துணிகளை இன்றும் அதே அலமாரியில்தான் அடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் வயிறு எரியும்.

"கடைசில வர்ற சிரிப்பை வெட்டிடேன்டா."

"அது மட்டும் இருக்கட்டும்க்கா."

"சரிதான். என்ன இருந்தாலும் அந்தக் குரல்ல இருக்கிற கொஞ்சல் வேற யாருக்கு..." அவளைப் பார்த்ததும் நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நான் போய் டீ போடுறேன்."

அவள் கழுத்துச் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, மடித்த சட்டையை உதறி மறுபடியும் மடித்தாள்.

"மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?" என்றான் கணவன். "இவ்வளவும் உனக்காகத்தான். மத்தியானம் அவளைத் தூங்க வைக்க நீ படுற பாடு எனக்குத் தெரியாதா?"

அவள் வயிற்றெரிச்சலே அதுதான். பசித்தால் பாப்பா அவளிடம் வருவாள். விழுந்தால் வருவாள், மூக்கு ஒழுகினால் அவள் புடவையில்தான் துடைப்பாள். தூக்கம் கண்ணைச் சுழற்றினால் மட்டும் குரல்காரியிடம் போய்விடுவாள். தூக்கத்துக்குள் போகும் அந்தக் கடைசி நிமிடத்தை மட்டும் தனக்கென்று விட்டுக்கொடுக்க யாருமில்லை.

டீ குடித்துவிட்டு, அக்காவைப் பஸ் ஏற்றிவிட அவன் கிளம்பினான். வீட்டில் அவளும் பாப்பாவும் மட்டும். பாப்பா போனைத் தூக்கிக்கொண்டு கட்டிலில் ஏறினாள்.

"அம்மா, கதை பேச மாட்டேங்குது."

அவள் பக்கத்தில் படுத்துத் தட்டிக்கொடுத்தாள்.

"தட்டுனா தூக்கம் வரல."

பாப்பாவின் முதுகில் விரலால் கரடி வரைந்தாள், முயல் வரைந்தாள், வட்டமாக நிலாவும் வரைந்தாள்.

"கூசுதும்மா," என்று நெளிந்து சிரித்த பாப்பா, சட்டென்று நிறுத்தினாள். "கரடிகிட்ட முயல் என்ன சொல்லுச்சு? எனக்கு மறந்துபோச்சு."

அவளுக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை. திரையின் மூலையில் குட்டிப் பொத்தான் தெரிந்தது. அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். இன்றைக்குத் தொடாவிட்டால், நாளைக்கும் தொடாவிட்டால், குழந்தைதானே, குரல்காரியை மறந்துவிடும். அதற்குப் பிறகு இந்தத் தட்டல் போதும் என்றாகிவிடும்.

பாப்பா அடம்பிடிக்கவில்லை. போனைத் தடவிக்கொடுத்தாள். உதடு மட்டும் பிதுங்கியது.

"கதைக்கும் உடம்பு சரியில்லையாம்மா? அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?"

அவள் விரல் அவளைக் கேட்காமலே மூலைக்குப் போனது.

அறை முழுக்கக் குரல்காரி நிறைந்தாள். பாப்பா கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டு அவள் மேல் ஒண்டினாள். கரடி பேசியது, முயல் பதில் சொன்னது. போன் சொல்வதற்கு ஒரு நொடி முந்தியே அவள் உதடுகள் ஒவ்வொரு சொல்லையும் சொல்லிக்கொண்டிருந்தன. சிரிப்பு வரும் இடத்தில் உதடுகளும் சிரித்தன. சத்தம் மட்டும் இல்லை.

தூங்கிவிட்டாள் என்று அவள் நினைத்திருந்த பாப்பா அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சால்வையை மெல்ல விலக்கி, அவள் தொண்டையில் இருந்த தையல் தழும்பின் மேல் விரலை வைத்தாள்.

"உன் குரல் இங்கதானேம்மா இருந்துச்சு? எப்பம்மா அது போனுக்குள்ள போச்சு?"