நாற்பது நிமிடத் தூரம்

“ஐஸ் பெட்டியெல்லாம் எதுக்கும்மா? இப்ப விட்டிருக்கிற ராக்கெட் பிளைட்ல உங்கண்ணன் டொராண்டோலேர்ந்து திருச்சிக்கு வர நாப்பது நிமிஷந்தானே,” என்று காலையிலேயே சொல்லிவிட்டார் சித்தப்பா. அப்பாவின் உடல் கூடத்தில் கிடந்தது. அதற்குள் டொராண்டோவிலிருந்து மூன்று விமானங்கள் வந்துவிட்டன, அண்ணன் வரவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் மணி பார்க்க ஆரம்பித்தார்கள். வாசலுக்கும் கூடத்துக்குமாக அலைந்த வாசுகி, கடைசியில் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

“எங்கண்ணா இருக்க?”

“வீட்லதான். ஷூவை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். அம்மா போனப்போ ஒரு நாள் முழுக்க பிளைட்ல அழுதுக்கிட்டே வந்தேன். இறங்குறப்போ முகத்தைப் பாக்கத் தெம்பு இருந்துச்சு. நாப்பது நிமிஷத்துல எப்படிடி வர்றது?”

வாசுகி போனை வைக்காமலேயே திரும்பினாள்.

“சித்தப்பா, ஐஸ் பெட்டிக்குச் சொல்லிடுங்க. அண்ணன் வந்துசேர ஒரு நாள் ஆகும்.”