பெருவிரல்

"ஒரு விரல் போதும் தம்பி. ஒரே நிமிஷம். வந்ததே தெரியாம போயிடுவோம்."

மேலாளர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். கக்கத்தில் மடிக்கணினி இருந்தது. தம்பி தன் அக்கா வீட்டு கேட்டுக்கு உட்புறமாக நின்று, தாழ்ப்பாளைப் பிடித்த கையை எடுக்காமல் அவரை மறித்திருந்தான்.

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு சார் இதைத் தூக்கிட்டு வந்தீங்க?"

மேலாளர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே கழுத்தை அறுக்கிற வகை. நிலைமையைப் பொறுமையாக விளக்கினார். நிறுவனத்தின் கிடங்கிலிருந்து ஒரு லாரி வெளியே போக வேண்டுமென்றால் இந்தக் கணினியில் அனுமதி கொடுக்க வேண்டும். கணினியோ தம்பியின் அத்தான், அதாவது அக்காவின் கணவர், பெருவிரலை வைத்தால்தான் திறக்கும். நேற்று மதியத்திலிருந்து ஒரு சக்கரம்கூட உருளவில்லை.

தம்பிக்குத் தெரியாத கதையா? முன்பு அந்த வேலையை மூன்று பேர் பார்த்தார்கள், மூன்று பேர் விரலுக்கும் அது திறந்தது. ஆட்குறைப்பு என்று இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிச்சமிருந்த அத்தான் தலையில் எல்லாவற்றையும் கட்டினார்கள். அன்றோடு அவருடைய சாப்பாடும் போச்சு, தூக்கமும் போச்சு. குளிக்கப் போனாலும் ஃபோனைக் குளியலறை ஜன்னலில் வைத்துக்கொள்வார். மகளின் பள்ளி விழாவில் அவள் மேடை ஏறும் நேரம் பார்த்து எழுந்து ஓடினார். ரத்த அழுத்தம் எகிறியது, வயிறு புண்ணாகிப் போனது. டாக்டர் கட்டாய ஓய்வு என்றார். அலுவலகமும் சும்மா இருக்கவில்லை. 'உங்கள் உடல்நலமே எங்கள் பலம்' என்று அச்சடித்த தண்ணீர் பாட்டிலை ஆளுக்கொன்று கொடுத்து, கை தட்டிப் படம் எடுத்துக்கொண்டது.

போன தடவை அவர் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் இதே மேலாளர் இதே கணினியோடு வந்தார். இடது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. வலது கைப் பெருவிரலை அத்தானே நீட்டினார். அக்கா ஒரு அப்பாவி, இவ்வளவு தூரம் வந்தாரே என்று மேலாளருக்குக் காபி வேறு வாங்கிவரச் சொன்னாள். அந்தக் காபியை வாங்கிவந்தவன் தம்பிதான்.

இந்தத் தடவை அத்தான் அலுவலக மேசை மேலேயே சாய்ந்துவிட்டார். நெஞ்சு வலிக்கிறது, வீட்டுக்குப் போகிறேன் என்று காலையிலேயே கேட்டிருக்கிறார். நிற்கிற லாரிகளை மட்டும் அனுப்பிவிட்டுக் கிளம்புங்களேன் என்று சிரித்த முகத்தோடு சொல்லியிருக்கிறார் இந்தப் புண்ணியவான். அத்தானை இன்று காலைதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சேதி கேட்டு வந்தவர்களின் செருப்புகள் வாசலை அடைத்துக் கிடந்தன.

"இப்பதான் மனுஷன் நிம்மதியா படுத்திருக்கார். அது உங்களுக்குப் பொறுக்கலையா?"

"அப்படிச் சொல்லாதீங்க தம்பி. அவர் எங்களுக்குக் குடும்பத்துல ஒருத்தர்."

குடும்பத்தில் ஒருத்தராம். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டான். மேலாளர் தன் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனார். சரக்கு வெயிலில் கெடுகிறது, டிரைவர்கள் சத்தம் போடுகிறார்கள், தலைமை அலுவலகம் இவர் உயிரை எடுக்கிறது. அத்தான் இடத்துக்குப் புது ஆள் காலையிலேயே வந்தாயிற்று. ஆனால் புது விரலைப் பதிய வேண்டுமென்றாலும் பழைய விரல் ஒரு தடவை பட்டாக வேண்டுமாம். திருட்டுக்குப் பயந்து அப்படிச் செய்து வைத்திருக்கிறார்களாம். இதுதான் கடைசி, இனிமேல் அவரைத் தேடி யாரும் வரமாட்டார்கள் என்று சத்தியமே செய்தார்.

"கேட்டைத் தாண்டி ஒரு அடி வெச்சுப் பாருங்க. உங்க கணினி நடுரோட்டுல கிடக்கும்."

மேலாளரின் ஃபோன் அதிர்ந்தது. எடுத்தவர் குரல் குழைந்துபோனது. இதோ முடிந்துவிடும் சார், வாசலில்தான் நிற்கிறேன் சார் என்று பலமுறை சொன்னார். பேசி முடித்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துத் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினார். தம்பிக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. இவருக்கும் அதே நோய்தான் போலிருக்கிறது. நோயாளியே இன்னொரு நோயாளியின் கழுத்தில் ஏறி உட்கார்ந்தால் யாரை என்னவென்று திட்டுவது? பாவப்பட்டதற்கும் சேர்த்து அவனுக்குக் கோபம் வந்தது. தாழ்ப்பாளை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

சத்தம் கேட்டு அக்கா வெளியே வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, மேலாளரையும் அவர் கக்கத்தில் இருந்ததையும் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

"விடுடா," என்றாள்.

"அக்கா, உனக்கு என்ன பைத்தியமா?"

"வந்து எடுத்துட்டுப் போகட்டும். இத்தோட இவங்க சங்காத்தம் ஒழியட்டும். இல்லேன்னா இன்னைக்கு முழுக்க அவர் பின்னாடியே வருவாங்க."

தம்பி தாழ்ப்பாளை விட்டான். மேலாளர் கைகூப்பிவிட்டு, காரில் காத்திருந்த டிரைவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

டிரைவர் பின் இருக்கையிலிருந்து, நிறுவனத்தின் பெயர் எழுதிய மலர்வளையத்தை இறக்கினார். கூடத்தின் நடுவில் இருந்த கண்ணாடிப் பெட்டியின் கால்மாட்டில் அதைச் சாத்திவிட்டு, மேலாளர் தலைகுனிந்து சற்று நேரம் நின்றார். பிறகு மடிக்கணினியை விரித்துக்கொண்டு, பெட்டியின் மூடியைக் கொஞ்சம் தூக்கச் சொன்னார்.